எளிய வீட்டுத் திருத்த வேலைகள்: காரணம் அறிந்து கை வைப்போம்

க.பொ.த. (சாதாரண தரம்) மாணவர்களுக்கான மீட்டல் பாடம்



வீடு என்பது ஒருமுறை கட்டி முடித்துவிட்டு மறந்துவிடும் பொருளன்று. வெயில், மழை, உப்புக் காற்று, கறையான், நாளாந்தப் பாவனை ஆகிய யாவும் அதைச் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றன. இந்தத் தேய்வை ஆரம்பத்திலேயே கவனித்தால் ஓர் இறப்பர் வளையத்துடனோ நான்கு திருகாணிகளுடனோ வேலை முடிந்துவிடும். கவனியாது விட்டால் மேசனையும் தச்சரையும் அழைத்துப் பெருந்தொகை செலவிட நேரும்.

இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் பலர் கருவிகளின் பெயர்களை ஒப்புவிப்பார்கள். ஆனால் "இப்பழுதுக்குக் காரணம் யாது?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். பரீட்சையில் புள்ளி குறைவதும், வீட்டில் ஒரே இடத்தை மூன்று தடவை திருத்துவதும் இதனாலேயே. எனவே இப்பாடத்தில் ஒவ்வொரு வேலையையும் காரணத்திலிருந்தே தொடங்குவோம். இவ்வேலைகள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

1. மூன்று சொற்களின் வேறுபாடு

பேணல்: பழுது வராமல் முன்கூட்டியே காப்பது. உதாரணம்: பீலியில் சேரும் இலைகுப்பைகளை அகற்றுதல், பிணைச்சலுக்கு எண்ணெய் இடுதல்.

திருத்தம்: வந்துவிட்ட பழுதைச் சீர்செய்வது. உதாரணம்: ஒழுகும் குழாயின் வளையத்தை மாற்றுதல்.

மேம்படுத்தல்: முன்பு இருந்ததிலும் வசதியாக அல்லது அழகாக ஆக்குவது. உதாரணம்: சமையலறையில் ஒரு தட்டுப் பலகை பொருத்துதல், சுவருக்கு வர்ணம் பூசுதல்.

இவற்றை இதே ஒழுங்கிற் செய்வதே முறை. ஒழுகும் கூரையின் கீழ்ச் சுவருக்கு வர்ணம் பூசுவது, திருத்தத்தை விட்டுவிட்டு மேம்படுத்தலுக்குப் போவதாகும். அந்த வர்ணம் அடுத்த மாரிக்கு நிற்காது.

2. எந்த வேலைக்கும் பொதுவான ஐந்து படிகள்

(1) அவதானித்தல்: பழுது எங்கே, எப்போது, எவ்வளவு தோன்றுகின்றது?
(2) காரணம் அறிதல்: ஏன் தோன்றுகின்றது?
(3) நிறுத்துதல்: நீரையோ மின்னையோ முதலில் நிறுத்துதல்.
(4) திருத்துதல்: உரிய கருவியால், உரிய பொருளால் செய்தல்.
(5) சோதித்தல்: பழுது நீங்கிவிட்டதா எனப் பார்த்தல்.

இதற்கு எங்கள் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் கூறுகின்றேன். முன்னறைச் சுவரில் ஒவ்வொரு மாரியிலும் ஈரக் கறை தோன்றும். தை மாதம் பிறந்ததும் சுரண்டி, மை பூசுவோம். மூன்று வருடங்கள் இப்படியே சென்றன. நான்காம் வருடம் மழை பெய்துகொண்டிருந்தபோது குடையுடன் வெளியே நின்று பார்த்தேன். பீலியின் மூட்டு ஒன்று விலகி, நீர் நேரே அச்சுவரில் வழிந்துகொண்டிருந்தது. மூட்டைச் சரிசெய்தபின் கறை வரவேயில்லை. மூன்று வருடம் நாங்கள் நான்காம் படியை மட்டும் செய்திருக்கிறோம். முதலிரண்டு படிகளைச் செய்யவில்லை.

சுவர் ஈரத்தின் காரணத்தை அறிய உதவும் குறிப்புகள்:

* கறை சுவரின் மேற்பகுதியில், மழைக் காலத்தில் மட்டும் வந்தால் கூரை அல்லது பீலியைப் பாருங்கள்.
* நிலத்திலிருந்து ஏறத்தாழ 1 மீற்றர் உயரம் வரை பரவி, உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் மேலேறுகின்றது எனச் சந்தேகிக்கலாம்.
* மழை, வெயில் என்ற வேறுபாடின்றி எந்நாளும் ஈரமாக இருந்தால் சுவரினுள் செல்லும் நீர்க்குழாயில் ஒழுக்கு இருக்கலாம்.
* ஐயம் இருப்பின் ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி, ஓரிரு நாள்கள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் உட்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகின்றது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறையின் வளியிலுள்ள நீராவி ஒடுங்கியுள்ளது.

3. வேலை ஒன்று: சொட்டும் நீர்க்குழாய்

காரணம்: திருகித் திறக்கும் சாதாரண குழாயினுள் இறப்பர் வளையம் ஒன்று (வோசர்) உண்டு. குழாயை மூடும்போது இது நீர் வரும் வாயை அழுத்தி அடைக்கின்றது. காலப்போக்கில் இவ்வளையம் தேய்ந்து இறுகிவிடும். அப்போது எவ்வளவு இறுக்கினாலும் நீர் சொட்டும். பலம்கொண்டு இறுக்க இறுக்க வளையம் மேலும் விரைவாகக் கெடும்.

தேவையானவை: சரிசெய்யக்கூடிய ஸ்பனர், திருப்புளி, அதே அளவுடைய புதிய வளையம், பழைய துணி, ரெப்லோன் நாடா.

செய்முறை:

1. அக்குழாய்க்கு நீர் வரும் வால்வை அல்லது தொட்டியின் வால்வை மூடுக.
2. குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வெளியேற்றுக.
3. நீர் வடியும் துவாரத்தைத் துணியால் மூடுக. சிறு பாகங்கள் அதனுள் விழாதிருக்க இது உதவும்.
4. குழாயின் தலைப்பகுதியை ஸ்பனரால் கழற்றித் தண்டை வெளியே எடுக்க.
5. பழைய வளையத்தை அகற்றுக. அதனைக் கடைக்குக் கொண்டு சென்று அளவு பார்த்துப் புதியதை வாங்குக.
6. வளையம் அமரும் இடத்தில் மணல், துரு இருப்பின் துடைக்க.
7. புதிய வளையத்தை இட்டு, பாகங்களைக் கழற்றிய ஒழுங்கிற்கு எதிர் ஒழுங்கிற் பொருத்துக.
8. வால்வை மெதுவாகத் திறந்து, சில நிமிடங்கள் அவதானிக்க.

புதிய வளையம் இட்ட பின்பும் சொட்டினால் வளையம் அமரும் உலோக வாய் தேய்ந்துவிட்டது எனலாம். அப்போது குழாயையே மாற்ற வேண்டும். நீர் சொட்டுவது குழாயின் வாயினால் அல்லாமல், சுவரோடு சேரும் புரியில் எனின் வளையத்தை மாற்றிப் பயனில்லை. குழாயைக் கழற்றிப் புரிமேல் ரெப்லோன் நாடா சுற்றி மீண்டும் பொருத்த வேண்டும். கால் சுற்றில் திறந்து மூடும் புதிய வகைக் குழாய்களில் இவ்வளையத்திற்குப் பதிலாக உள்ளே ஓர் உருளைப் பகுதி இருக்கும். அதனை முழுமையாக மாற்ற வேண்டும்.

கணிப்பு: செக்கனுக்கு 1 துளி சொட்டுகின்றது எனவும், 20 துளிகள் ஏறத்தாழ 1 மில்லி லீற்றர் எனவும் கொள்வோம்.
1 மணித்தியாலத்தில்: 3600 துளிகள் = 180 மில்லி லீற்றர்
1 நாளில்: 180 × 24 = 4320 மில்லி லீற்றர் = 4.32 லீற்றர்
1 வருடத்தில்: 4.32 × 365 = ஏறத்தாழ 1577 லீற்றர்

நீர்ப் பட்டியலில் 1 அலகு என்பது 1000 லீற்றர். ஆகவே காசுக் கணக்கில் இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற இடங்களில் சுண்ணக்கற் பாறையினுள் தங்கும் மழைநீரே கிணற்று நீராகின்றது. அதனை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உட்புகும். அங்கே ஒரு துளியின் பெறுமதி பட்டியலில் உள்ள விலையன்று.

4. வேலை இரண்டு: இறுகும் கதவும் கழன்ற பிணைச்சலும்

கதவு நிலையில் உரசினால் உடனே சீவுளியைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் காரணத்தைப் பாருங்கள்.

(அ) பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்து கதவு கீழே சாய்ந்திருக்கலாம். கதவின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். கதவு அசைந்தால் இதுவே காரணம்.

(ஆ) மாரிக் காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்திருக்கலாம். இவ்வாறாயின் கோடையில் அது தானாகவே சுருங்கும். மாரியில் சீவிய கதவு கோடையில் இடைவெளி விட்டு நிற்கும். மரம் உலரும் வரை பொறுத்திருந்து, பின்பும் உரசினால் மட்டும் உரசும் இடத்தை வெண்கட்டியால் அடையாளமிட்டு அரத்தாளால் தேய்க்க வேண்டும். சீவிய அல்லது தேய்த்த இடத்திற்கு வர்ணம் பூசினால் ஈரம் உட்புகுவது குறையும்.

திருகாணித் துளை பெருத்துப் போயிருந்தால்: கதவின் அடியில் ஆப்பு வைத்துத் தாங்குக. ஒரு நேரத்தில் ஒரு திருகாணியை மட்டும் கழற்றுக. மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையினுள் இறுக்கிச் செருகுக. பசை உலர்ந்ததும் மிகுதியை வெட்டிவிட்டுத் திருகாணியை மீண்டும் முடுக்குக. துளை நிரம்பியதால் திருகாணி நன்றாகப் பிடிக்கும்.

கீச்சிடும் பிணைச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் இடுவது வழக்கம். அது சில காலத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். இயந்திர எண்ணெய் 2 துளி போதும்.

5. வேலை மூன்று: சுவரின் வெடிப்பு

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. மயிரளவு வெடிப்புகள் பெரும்பாலும் பூச்சு உலரும்போது சுருங்குவதால் ஏற்படுகின்றன. இவை ஆபத்தற்றவை. ஆனால் கதவு, யன்னல் மூலைகளிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு, சுவரின் இருபுறமும் தெரியும் வெடிப்பு, நாளுக்கு நாள் அகலும் வெடிப்பு ஆகியன அத்திவாரம் அமிழ்வதைக் காட்டக்கூடும்.

சோதனை: வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு இட்டுத் திகதியை எழுதுக. அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்க. ஒன்றிரண்டு மாதங்களின் பின் மீண்டும் பார்க்க. கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால், அல்லது அகலம் கூடியிருந்தால் நீங்கள் அதைப் பூசி மறைக்கக்கூடாது. பெரியவர்களிடம் கூறி, அனுபவமுள்ள மேசனுக்கோ பொறியியலாளருக்கோ காட்ட வேண்டும்.

சிறிய வெடிப்பை நிரப்பும் முறை:

1. வெடிப்பைக் கூரிய கருவியால் சற்று விரித்து, தளர்ந்த பூச்சை அகற்றுக.
2. தூரிகையால் தூசியைத் துடைக்க.
3. நீர் தெளித்து நனைக்க. உலர்ந்த சுவர் புதிய சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். அதனால் சாந்து பிடிக்காது உதிரும்.
4. 1 பங்கு சீமெந்து, 5 பங்கு அரித்த மணல் கொண்ட சாந்தை அழுத்தி நிரப்புக.
5. சில நாள்கள் ஈரமாக வைத்திருக்க. சீமெந்து இறுகுவது நீருடன் நடைபெறும் தாக்கத்தினாலாகும். காய்வதனால் அன்று.
6. நன்கு உலர்ந்தபின் (புதிய பூச்சாயின் ஏறத்தாழ 4 வாரங்களின் பின்) வர்ணம் பூசுக.

சீமெந்து தோலை அரிக்கும். கையுறை அணிதல் அவசியம். மிகப் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதனைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்டுக, முகக்கவசம் அணிக, சிறு பிள்ளைகளை அப்பால் வைத்திருக்க.

6. வேலை நான்கு: பீலியும் வடிகானும்

இது செலவில்லாத வேலை. ஆனால் உயிரோடு தொடர்புடையது. பீலியில் இலை அடைத்து நீர் தேங்கினால் சுவர் நனைவதுடன், டெங்கு நுளம்பும் அங்கே பெருகும். முட்டை நிறைவுடலியாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். ஆகவேதான் வாரம் ஒருமுறை நீர் தேங்கும் இடங்களைப் பார்க்க வேண்டும் என்கிறோம். 2017 ஆம் ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி, தமது வளவில் நுளம்பு பெருக இடமளிப்பது குற்றமாகும்.

ஏணி வைக்கும் விதி: ஏணி சாயும் உயரம் 4 மீற்றர் எனின் அதன் அடி சுவரிலிருந்து 1 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டின்மேல் ஏறக்கூடாது. அது திடீரென உடையும். அதனை அரியவோ துளையிடவோ கூடாது. அதிலிருந்து எழும் நுண்ணிய இழைத் தூசி நுரையீரல் நோய்களை ஏற்படுத்தும்.

7. வேலை ஐந்து: மூன்று முனைச் செருகியும் உருகியும்

முதல் விதி: செருகி குதையிலிருந்து முற்றாகக் கழற்றப்பட்ட பின்னரே அதனைத் திறக்க வேண்டும். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

உயிர்க் கம்பி: மண்ணிறம் (பழைய வடங்களில் சிவப்பு), "எல்" எனக் குறித்த முனை, உருகி இப்பக்கத்தில் இருக்கும்.
நொதுமல் கம்பி: நீலம் (பழையதில் கறுப்பு); "என்" எனக் குறித்த முனை.
புவிக் கம்பி: பச்சையும் மஞ்சளும் (பழையதில் பச்சை), "ஈ" எனக் குறித்த முனை, மூன்றிலும் நீளமானது.

புவிக் கம்பியைச் சற்று நீளமாக விடுக. வடம் இழுபட்டாலும் அது கடைசியாகவே கழலும். வடத்தின் வெளியுறை பிடிகருவியினுள் இறுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

உருகி தெரிவு: மின்னோட்டம் = வலு ÷ வோல்ற்றளவு. எமது வீட்டு மின் வழங்கல் 230 வோல்ற்று.

1000 வாற்று மின்னழுத்தி: 1000 ÷ 230 = 4.35 அம்பியர். ஆகவே 5 அம்பியர் உருகி.
2000 வாற்று கேத்தல்: 2000 ÷ 230 = 8.7 அம்பியர். ஆகவே 13 அம்பியர் உருகி.
40 வாற்று மேசை விளக்கு: 40 ÷ 230 = 0.17 அம்பியர். ஆகவே 3 அம்பியர் உருகி.

உருகி எரிந்தால் அதற்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனது சிறுவயதில் எங்கள் வீட்டிலும் இவ்வாறு செய்தோம். மின்னழுத்தியின் வடம் உள்ளே பழுதாகியிருந்தது. உருகி எரிந்தது அதை எமக்கு அறிவிக்கவே. நாங்கள் அறிவித்தவனின் வாயை அடைத்தோம். மறுநாள் வடம் கருகி மேசை விரிப்பில் தீப்பற்றியது. அம்மா அருகில் நின்றதால் பெரும் ஆபத்து நீங்கியது. உருகி எரிந்தால் "ஏன் எரிந்தது?" என்பதே முதற் கேள்வி. வீட்டின் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தாலும் இதே கேள்விதான். அதனைக் கட்டிவைப்பது ஒருபோதும் விடையாகாது.

8. எல்லை அறிதல்

நாமே செய்யக்கூடியவை: குழாய் வளையம் மாற்றுதல், பிணைச்சல் திருத்துதல், சிறு வெடிப்பு நிரப்புதல், வர்ணம் பூசுதல், எட்டும் உயரத்திலுள்ள பீலி துப்புரவாக்கல், செருகி மாற்றுதல்.

தொழில் தெரிந்தவரிடம் விட வேண்டியவை: மின் பரம்பல் பெட்டி, சுவரினுள் செல்லும் மின் இணைப்பு, எரிவாயுக் குழாய் ஒழுக்கு, கூரை மேல் வேலை, அகலும் வெடிப்பு, தூண் அல்லது வளை உடைத்தல்.

"எனக்குத் தெரியாது, தெரிந்தவரை அழைப்போம்" என்று சொல்லத் தெரிவதும் இப்பாடத்தில் ஒரு தேர்ச்சியாகும்.

9. மாதிரி வினாக்கள்

பகுதி I: சரியான விடையைத் தெரிவு செய்க.

1. பின்வருவனவற்றுள் பேணல் வேலை எது?
(1) உடைந்த கண்ணாடி மாற்றுதல் (2) பீலி துப்புரவாக்கல் (3) புதிய தட்டுப் பலகை பொருத்துதல் (4) வெடிப்பு நிரப்புதல்

2. 230 வோல்ற்றில் தொழிற்படும் 920 வாற்று உபகரணம் ஒன்றுக்குப் பொருத்தமான உருகி
(1) 1 அம்பியர் (2) 3 அம்பியர் (3) 5 அம்பியர் (4) 13 அம்பியர்

3. குழாய் வளையத்தை மாற்றும்போது முதலில் செய்ய வேண்டியது
(1) தண்டைக் கழற்றுதல் (2) துவாரத்தை மூடுதல் (3) வால்வை மூடுதல் (4) வளையத்தை அளத்தல்

விடைகள்: 1 – (2); 2 – (3), ஏனெனில் 920 ÷ 230 = 4 அம்பியர்; 3 – (3)

பகுதி II: அமைப்புக் கட்டுரை வினா

ஒரு வீட்டின் படுக்கையறைச் சுவரின் மேற்பகுதியில் மழைக் காலத்தில் மட்டும் ஈரக் கறை தோன்றுகின்றது.
(அ) இதற்கான காரணங்கள் இரண்டு தருக.
(ஆ) காரணத்தை உறுதிப்படுத்தும் முறை ஒன்றைக் கூறுக.
(இ) திருத்தும் படிகளை ஒழுங்காக எழுதுக.

மாதிரி விடை:
(அ) பீலியின் மூட்டு விலகியிருத்தல் அல்லது அடைத்திருத்தல். கூரை ஓடு உடைந்து அல்லது விலகியிருத்தல்.
(ஆ) மழை பெய்யும்போது வெளியே நின்று நீர் வழியும் இடத்தை அவதானித்தல்.
(இ) பீலியைத் துப்புரவாக்கி மூட்டைச் சரிசெய்தல் (கூரையில் பழுது எனின் தொழிலாளியைக் கொண்டு திருத்துவித்தல்), அடுத்த மழையில் சோதித்தல், சுவரை உலரவிடுதல், உதிர்ந்த பூச்சைச் சுரண்டி நிரப்புதல், உலர்ந்தபின் வர்ணம் பூசுதல்.

மாணவர் விடும் தவறு: பலர் (இ) இற்கு "சுவருக்கு வர்ணம் பூச வேண்டும்" என்றே தொடங்குவர். காரணத்தை நீக்காத விடை முழுமையான விடையாகாது.

செயற்பாடு: இவ்வாரம் உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். கண்ணிற்படும் 5 பழுதுகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் காரணத்தையும், நீங்களே செய்யலாமா என்பதையும் குறியுங்கள். அவற்றுள் ஒன்றையேனும் பெற்றோரின் உதவியுடன் திருத்துங்கள். ஒருமுறை கையாற் செய்த வேலையின் படிகள் பரீட்சை மண்டபத்தில் மறந்துபோகமாட்டா.